மீட் ஏரியிலிருந்து பிளாட்ஹெட் ஏரிக்கு: ஐந்து மாநிலம் தாண்டும் படகும் மட்டிச் சட்டங்களும்

#1 வடகரை

நெவாடாவில் மீட் ஏரித் துறையில் மூன்று வாரமாகக் கட்டிக் கிடக்கும் 23 அடி வேக்போர்டு படகு (பலகைமேல் சறுக்குபவரைக் கயிற்றில் இழுக்கும் படகு) ஒன்றை டிரெய்லரில் ஏற்றி, ஐ-15 நெடுஞ்சாலை வழியாக மொன்டானா கொண்டுபோய் பிளாட்ஹெட் ஏரியில் இறக்க வேண்டும். படகுக்குள்ளேயே இருக்கும் இன்போர்டு எஞ்சின், எடைக்காக ஏரி நீரை நிரப்பும் மூன்று பலாஸ்ட் டேங்க், கார்ப்பெட் சுற்றிய மரத்தாங்கி உள்ள டிரெய்லர். வழியில் நெவாடா, அரிசோனாவின் ஒரு மூலை, யூட்டா, ஐடஹோ, மொன்டானா.

படகில் ஒட்டி ஏரிக்கு ஏரி பரவும் வந்தேறி மட்டிகளை (சிப்பி போல ஓடுள்ள சிறு உயிரிகள்) தடுக்க, மாநிலத்துக்கு ஒரு ஸ்டிக்கர், மாநிலத்துக்கு ஒரு நாள்கணக்கு என்று இருக்கிறது. எங்கெங்கே நிறுத்த வேண்டும், எதை முதலில் செய்ய வேண்டும், எது இல்லாவிட்டால் ஏரியில் இறக்க விடமாட்டார்கள்? விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

#2 மீன்கொத்தி

வடகரை அண்ணா, சட்டத்தின் கண்ணில் உங்கள் படகு மிக ஆபத்தான வகையைச் சேர்ந்தது. காலையில் இறக்கி மாலையில் ஏற்றும் படகு வேறு, வாரக்கணக்கில் நீரிலேயே கட்டிக் கிடந்த படகு வேறு. மூன்று வாரத்தில் குவாகா மட்டியின் குஞ்சுகள் படகின் அடிப்பக்கத்தில் மணல் துகள் அளவில் ஒட்டியிருக்கும். கண்ணுக்குத் தெரியாது. காய்ந்த பிறகு விரல் நுனியால் தடவிப் பாருங்கள். வழவழவென்று இருக்க வேண்டிய இடம் உப்புத்தாள் போலச் சுரசுரத்தால் அது மட்டிதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு கெடுபிடிக்குக் காரணம் உண்டு. கிழக்கே ஈரி ஏரியில் 1989-இல் தென்பட்ட குவாகா மட்டி, மீட் ஏரியில் 2007 ஜனவரி 6 அன்று கண்டுபிடிக்கப்பட்டது. இரண்டு ஏரிகளையும் இணைக்கும் ஆறு கிடையாது. டிரெய்லரில் வந்த படகோடுதான் வந்திருக்கும் என்பதே பொதுவான முடிவு. அதே ஆண்டு கீழே மோஹாவி, ஹவாசு ஏரிகளுக்கும் போய்விட்டது. நீங்கள் போகும் பிளாட்ஹெட் ஏரி கொலம்பியா ஆற்றுப் படுகையில் இருக்கிறது. மேற்கில் இந்த மட்டி நுழையாமல் நெடுங்காலம் தப்பியிருந்த பெரிய படுகை அது. 2023 செப்டம்பரில் ஐடஹோவின் ட்வின் ஃபால்ஸ் அருகே, கொலம்பியாவில் கலக்கும் ஸ்நேக் ஆற்றில் குவாகா அகப்பட்டது. அடுத்த மாதமே ஆற்றில் செம்பு மருந்து ஊற்றினார்கள். பல டன் மீன் செத்தது. 2024-இல் மறுபடி அகப்பட்டு மறுபடி மருந்து ஊற்றினார்கள். ஒரு படகின் ஒரு வாளித் தண்ணீர் போதும் இந்த நிலைக்கு. சாவடியில் அவர்கள் கறாராக இருப்பதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன்.

இனி வழி. படகு ஏற்றிய வண்டி சாலையில் திறந்திருக்கும் சோதனைச்சாவடி எதையும் தாண்டிப் போகக்கூடாது. யூட்டா, ஐடஹோ, மொன்டானா மூன்றிலும் இதுதான் விதி. ஏரியில் இறக்கப் போவதில்லை, சும்மா கடந்து போகிறோம் என்பது காரணம் ஆகாது. ஐடஹோவில் மாலட், மொன்டானாவில் டில்லன், இரண்டும் ஐ-15 மேலேயே வரும். ஸ்டிக்கர் கணக்கு வேறு. அது அந்த மாநில நீரில் இறக்குகிறவர்களுக்கு மட்டும். ஐடஹோவில் நீங்கள் இறக்கப் போவதில்லை என்றால் வெளிமாநில மோட்டார் படகுக்கான 30 டாலர் ஸ்டிக்கர் தேவையில்லை, நிறுத்திக் காட்டினால் போதும். மொன்டானாவில் இறக்கப் போகிறீர்கள், ஆகவே அங்கே வெளிமாநிலப் படகுக்கான அனுமதிச்சீட்டு வாங்க வேண்டும், இறக்குவதற்கு முன் சோதனையும் கட்டாயம்.

ஒரு விஷயம் பலருக்குப் புரிவதில்லை. மொன்டானாவுக்குள் நுழையும்போது ஒரு சோதனை முடிந்தால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். வரைபடத்தைப் பாருங்கள். ஐடஹோ எல்லையில் மொனிடா கணவாய் ஏறும்போது கொலம்பியா படுகையை விட்டு மிசௌரி படுகைக்குள் இறங்குகிறீர்கள். டில்லன் தாண்டி பியூட் ஊருக்குத் தெற்கே டியர் லாட்ஜ் கணவாயில் நீர்ப்பிரிமேட்டை (இரு படுகைகளின் நீரைப் பிரிக்கும் மலைமேட்டை) மறுபடி கடந்து கொலம்பியா படுகைக்குத் திரும்புகிறீர்கள். நீர்ப்பிரிமேட்டைத் தாண்டி மேற்கே போகும் படகுக்கு இறக்குமுன் சோதனை வேண்டும் என்று மொன்டானா தனியாகவே விதி வைத்திருக்கிறது. மட்டிக்கு மாநில எல்லை தெரியாது, படுகைதான் தெரியும். அந்த விதியை எழுதியவர்களுக்கு அது புரிந்திருக்கிறது. டில்லனில் தரும் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். பிளாட்ஹெட் ஏரியின் தென்பாதி சாலிஷ், கூட்டனை பழங்குடியினரின் நிலத்தில் இருக்கிறது. அவர்களும் சாவடி நடத்துகிறார்கள், அங்கேயும் நிறுத்த வேண்டும்.

#3 சுழலி

சட்டம் மீன்கொத்தி சொன்னபடி. நான் படகின் உள்பக்கம் பற்றி எழுதுகிறேன், ஏனென்றால் படகை மறிப்பது அங்கேதான். வெளியே பளபளவென்று துடைத்த படகு, உள்ளே பலாஸ்ட் டேங்கில் இருபது லிட்டர் மீட் ஏரித் தண்ணீர். வேக்போர்டு படகுகளில் இது வழக்கம். பம்ப் "காலி" என்று சொன்ன பிறகும் டேங்கின் தரை, குழாய் வளைவு, காற்றுப்போக்கிக் குழாய் எல்லாவற்றிலும் தண்ணீர் நிற்கும். மட்டியின் லார்வா, அதாவது நீரில் மிதக்கும் நுண்குஞ்சு, கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது, அந்தத் தண்ணீரில் ஆயிரக்கணக்கில் இருக்கலாம்.

ஏரியை விட்டு ஏறியதும் துறையின் சரிவிலேயே வேலையைத் தொடங்குங்கள். முன்பக்கம் உயர்ந்து நிற்கும்போதே பின்பலகை அடைப்பான், எஞ்சின் பிளாக் அடைப்பான்கள், பில்ஜ் (படகின் அடித்தளத்தில் நீர் சேரும் பள்ளம்), குளியல் குழாய், ஹீட்டர் குழாய் எல்லாவற்றையும் திறந்து வடிய விடுங்கள். வேக்போர்டு படகில் ஹீட்டரும் ஷவரும் எஞ்சின் நீரோடு இணைந்திருக்கும். இதை மறப்பவர்கள் அதிகம். எஞ்சினுக்கு இழுக்கும் நீரின் வடிகட்டிக் கிண்ணத்தைக் கழற்றிக் கவிழ்த்துக் கழுவுங்கள். நங்கூரப் பெட்டியில் ஈரக் கயிறும் சேறும் இருந்தால் வெளியே எடுத்து விரித்துக் காயவிடுங்கள். பலாஸ்ட் பம்ப் இம்பெல்லர் வகை என்றால் காய்ந்து ஓட விடாதீர்கள், சத்தம் மாறியதும் நிறுத்துங்கள். ரப்பர் இறக்கை சீக்கிரம் கருகிவிடும்.

அடுத்தது வெந்நீர். மேற்கு மாநிலங்கள் 2009 முதல் ஒரு பொதுச் செய்முறையை வைத்திருக்கின்றன, பிறகு சில முறை திருத்தியிருக்கிறார்கள். அதன் எண்கள் இரண்டு. வெளிப்பக்கமும் எஞ்சினும் 140 டிகிரி பாரன்ஹீட், அதாவது 60 செல்சியஸ். டேங்க், பில்ஜ், லைவ்வெல் (பிடித்த மீனை உயிரோடு வைக்கும் தொட்டி) போன்ற உள்ளறைகள் 120 பாரன்ஹீட், அதாவது 49 செல்சியஸ். உள்ளறைக்கு வெப்பம் குறைவு, ஏனென்றால் 130-ஐத் தாண்டினால் பம்பும் கேஸ்கெட்டும் கெடும். வெப்பம் குறைந்ததால் நேரம் கூடுகிறது. வெளியே 10 விநாடி போதும், உள்ளே இரண்டு நிமிடத்துக்கு மேல், 130 விநாடி.

டேங்க் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்தால் ஏன் பலர் தவறு செய்கிறார்கள் என்று புரியும். டேங்கில் 20 செல்சியஸில் 30 லிட்டர் தங்கியிருக்கிறது. நீங்கள் 54 செல்சியஸ் வெந்நீர் விடுகிறீர்கள். கலவை 49-ஐத் தொட எவ்வளவு வேண்டும்? 174 லிட்டர். டேங்கின் சுவர் குடிக்கும் சூட்டைச் சேர்க்காமலே இவ்வளவு. அதே டேங்கை முதலில் நன்றாக வடித்து 10 லிட்டராக்கினால் 58 லிட்டர் போதும். 49-இலேயே வெந்நீர் விடுகிறவர்களின் டேங்க் என்றைக்கும் 49-ஐத் தொடாது. ஆகவே வடித்தல் முதலில், வெந்நீர் பிறகு. வெப்பமானியைப் பிடிக்க வேண்டிய இடம் வெளியேறும் ஓட்டை. அங்கே 120 காட்டிய பிறகுதான் 130 விநாடியை எண்ணத் தொடங்க வேண்டும்.

எஞ்சினுக்கு வருவோம். வெளியே தொங்கும் அவுட்போர்டு எஞ்சினின் நீர்வாயில் மாட்டும் மஃப் என்ற கவ்வி இன்போர்டுக்குப் பொருந்தாது. படகின் அடியில் நீர் இழுக்கும் சல்லடை மேல் உறிஞ்சு கிண்ணத்தை முட்டுக்கொடுத்து நிறுத்த வேண்டும், இல்லையென்றால் வடிகட்டிக்கு வரும் குழாயைக் கழற்றி நேரே வெந்நீர் இணைக்க வேண்டும். தண்ணீர் வந்த பிறகு எஞ்சின், எஞ்சினை நிறுத்திய பிறகு தண்ணீரை நிறுத்துங்கள். இந்த வரிசை மாறினால் இம்பெல்லர் போகும், அல்லது ஓடாத எஞ்சினுக்குள் அழுத்தத் தண்ணீர் போய் வெளியேற்றக் குழாய் வழியாக சிலிண்டருக்குள் ஏறும். ஐடிலில் மட்டும் ஓட்டுங்கள். தெர்மோஸ்டாட் திறக்கும் வரை உள்சுற்றில் பழைய தண்ணீர் அப்படியே நிற்கும். எஞ்சின் நன்றாகச் சூடாகி, வெளியேறும் நீர் 140 காட்டும் வரை பொறுங்கள்.

#4 நீர்க்கோழி

சுழலி சார், ஒரு திருத்தம் மட்டும். வெளிப்பக்கத்துக்கு 140 என்பது நாசிலில் அல்ல, படகின் மேல் படும் இடத்தில். வெந்நீர் காற்றில் போகப் போகச் சூடு இழக்கும், ஒவ்வொரு அடிக்கும் கணிசமாகக் குறையும். எந்திரத்தின் டயல் 140 காட்டுகிறது என்று மூன்றடி தள்ளி நின்று அடித்தால் படகில் படும்போது அது குளிக்கிற தண்ணீர். நாசிலைப் பக்கத்தில் பிடித்து மெதுவாக நகர்த்த வேண்டும். கார்ப்பெட் சுற்றிய தாங்கி இன்னும் மோசம். பஞ்சு போல் தண்ணீரைப் பிடித்துவைக்கும், உள்ளே சூடு இறங்க ஒரு நிமிடத்துக்கு மேல் ஒரே இடத்தில் ஊற்ற வேண்டும்.

உயர் அழுத்தம் மட்டியைப் பிய்க்கத்தான். கொல்வது சூடு. பிய்ந்து விழுந்த மட்டியும் கழுவிய நீரும் எந்த ஓடையிலும் போய்ச் சேராத இடத்தில் இந்த வேலையைச் செய்ய வேண்டும். பலர் இதை நினைப்பதே இல்லை.

#5 கரைவலை

இவ்வளவும் எதற்கு? நெவாடா கோடைவெயிலில் படகை ஐந்து நாள் நிறுத்தினால் எல்லாம் காய்ந்து செத்துவிடாதா? வெந்நீர் எந்திரத்துக்கு அலைய வேண்டாமே.

#6 மீன்கொத்தி

கரைவலை, வெளிப்பக்கத்துக்கு உங்கள் கேள்வி சரி. உள்பக்கத்துக்கு ஆபத்தானது.

கீழ்க் கொலராடோ ஆற்றுப் பகுதியில் படகில் தங்கும் நீரில் குவாகா லார்வா எவ்வளவு நாள் உயிரோடு இருக்கும் என்று சோதித்தார்கள். கோடைச் சூட்டில் ஏறக்குறைய 5 நாள். இலையுதிர்காலச் சூட்டில் 27 நாள் வரை. ஒரே தண்ணீர், ஒரே லார்வா, மாறியது வெப்பம் மட்டும். யூட்டா பல ஆண்டுகளாகச் சொல்லிவந்த காயவைக்கும் நாள்கணக்கும் இதே தர்க்கம்தான்: ஜூன் முதல் ஆகஸ்ட் வரை 7 நாள், வசந்தத்திலும் இலையுதிர்காலத்திலும் 18 நாள், குளிர்காலத்தில் 30 நாள். அந்தக் கணக்கு தொடங்குவது துளி நீர் இல்லாமல் வடித்த பிறகு. மூடிய டேங்கில் லிட்டர் கணக்கில் நீர் நின்றால் அது காய்வதே இல்லை, காற்றோட்டம் கிடையாதே. வெளியே 43 டிகிரி வெயில் அடித்தாலும் டேங்க் உள்ளே ஈரப்பதம் நூறு. மேற்கு மாநிலங்கள் பலவற்றில் "கடந்த 30 நாளில் மட்டி உள்ள நீரில் இருந்ததா?" என்பதுதான் முதல் கேள்வி. அந்த 30 எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறதல்லவா?

வயதுவந்த மட்டி இன்னும் கெட்டி. ஓட்டை இறுக மூடிக்கொண்டு குளிர்ந்த, ஈரமான இடத்தில் வாரக்கணக்கில் தாங்கும். நீர் இழுக்கும் சல்லடைக்குள், சுக்கான் தண்டு நுழையும் இடுக்கில், பிராப்பெல்லர் தண்டின் ரப்பர் பேரிங்கில், டிரெய்லரின் சதுரக் குழாய்க்குள் வெயில் எட்டாது.

#7 வடகரை

டிரெய்லர் குழாய்க்குள்ளுமா? அதை எப்படிச் சோதிப்பது?

#8 நீர்க்கோழி

கையால் தட்டிப் பார்த்தால் தெரியாது. பின்முனையில் வடிகால் ஓட்டை இருக்கும். முன்முனை வழியாக வெந்நீரை விட்டு, பின்முனையில் வடிவதன் சூட்டைப் பாருங்கள். ஓட்டை சேற்றால் அடைந்திருந்தால் கம்பி விட்டுக் குத்தித் திறந்துவிட்டு ஊற்றுங்கள். விளக்கு ஒயர் நுழையும் ஓட்டைகளில் களைச்செடி சிக்கியிருக்கும். சாவடியில் டார்ச் அடித்து முதலில் பார்ப்பது அங்கேதான்.

#9 துடுப்புக்காரர்

சீட்டும் சீலும் பற்றி யாரும் எழுதவில்லை. கழுவிய பிறகு படகின் மூக்கு வளையத்தையும் டிரெய்லரையும் சேர்த்து ஒரு கம்பி சீல் போடுவார்கள். அது அறுபடாமல் இருக்கிறது என்றால் கழுவியதற்குப் பிறகு படகு எந்த நீரிலும் இறங்கவில்லை என்று பொருள். சீல் மட்டும் போதாது, எண் பொருந்தும் சீட்டும் கையில் இருக்க வேண்டும். கொலராடோவில் உருவான ஒரு பொதுத் தரவுத்தளத்தைப் பல மேற்கு மாநிலங்கள் பயன்படுத்துகின்றன. நெவாடாவில் பதிவானதை அடுத்த மாநிலச் சாவடியில் திறந்து பார்க்க முடியும். இது பெரிய உதவி.

ஆனால் சீல் எல்லா இடத்திலும் செல்லாது. டாஹோ ஏரி தன் சொந்தச் சீலைத்தான் நம்பும். கலிஃபோர்னியா டெல்டாவில் 2024 அக்டோபரில் கோல்டன் மட்டி அகப்பட்டது, வட அமெரிக்காவிலேயே முதல்முறை. அதன் பிறகு அங்கே பல ஏரிகள் 30 நாள் சீல் போட்டுக் காத்திருக்கச் சொல்கின்றன. குவாகா, அதன் நெருங்கிய உறவான ஜீப்ரா மட்டிகளுக்கு ஓடு கட்ட நீரில் போதிய கால்சியம் வேண்டும். அதனால் மலை ஏரிகள் பல தப்பும் என்று நம்பியிருந்தோம். கோல்டன் மட்டி அதைவிடக் குறைந்த கால்சியத்திலும் வாழும். அந்த நம்பிக்கை போய்விட்டது. விதிகள் இறுகியதற்கு இதுவே காரணம், அதிகாரிகளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

வடகரை, ஒன்று கவனியுங்கள். சீலை நீங்களே அறுக்காதீர்கள். அந்த ஏரியின் சோதனையாளர் முன்னால்தான் அறுக்க வேண்டும்.

#10 கரைவலை

காயவைக்கும் விஷயம் புரிந்தது, நன்றி. அடுத்த கேள்வி: இதே வண்டியின் கூரையில் ஒரு கயாக்கும் ஊதிப் பெருக்கும் ஒரு பேடில் போர்டும் இருந்தால்? அவற்றுக்கு மோட்டார் இல்லையே.

#11 மீன்கொத்தி

நிறுத்த வேண்டும். ஐடஹோ, மொன்டானா, வயோமிங் எல்லாவற்றிலும் "நீரில் மிதக்கும் எதுவும்" என்பதே கணக்கு. கயாக், கேனோ, ராஃப்ட், பேடில் போர்டு எல்லாம் அடங்கும். ஐடஹோவில் 10 அடிக்குக் குறைந்த, மோட்டார் இல்லாத ஊதுபடகுக்கு ஸ்டிக்கர் விலக்கு உண்டு. அந்த விலக்கு ஸ்டிக்கருக்கு மட்டும், சாவடியில் நிறுத்துவதற்கு இல்லை. இரண்டையும் குழப்பிக்கொண்டு சாவடியைத் தாண்டிப் போய்த் தண்டம் கட்டுகிறார்கள்.

ஊதுபடகில் அடித்துணிக்கும் குழாய்க்கும் நடுவே தண்ணீர் தங்கும். ஈரத்தோடு சுருட்டி மூட்டைகட்டினால் அது மூடிய டேங்க் மாதிரிதான். விரித்துக் காயவைத்த பிறகு சுருட்டுங்கள்.

#12 துடுப்புக்காரர்

ஒரு சந்தேகம், அறிந்தவர்கள் சொல்லுங்கள். லேசி சட்டப்படி (காட்டுயிர்க் கடத்தலைத் தடுக்கும் கூட்டரசுச் சட்டம்) ஜீப்ரா மட்டியை மாநில எல்லை தாண்டிக் கொண்டுபோவதே கூட்டரசுக் குற்றம் அல்லவா? அப்படியானால் மாநிலத்துக்கு மாநிலம் இத்தனை தனிச் சட்டம் எதற்கு? ஒரே தேசியச் சீல் வைத்தால் முடிந்துபோகும்.

#13 சுழலி

அந்தச் சட்டத்தின் பலத்தைக் காட்ட டெக்சோமா ஏரியை விடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. டெக்சாஸ், ஓக்லஹோமா எல்லையில் இருக்கும் ஏரி. 2009-இல் ஜீப்ரா மட்டி தென்பட்டது. டல்லாஸுக்கு வடக்கே உள்ள ஊர்களுக்குக் குடிநீர் தரும் வாரியம் தன் நீரில் கால் பங்குக்கு மேல் அங்கிருந்துதான் இறைத்துக்கொண்டிருந்தது. எல்லையை மறுபடி வரையறுத்தபோது அதன் பம்ப் நிலையத்தின் ஒரு பகுதி ஓக்லஹோமா பக்கம் விழுந்துவிட்டிருந்தது. ஆகவே மட்டி லார்வா உள்ள தண்ணீரை டெக்சாஸுக்குள் இறைப்பதே மாநில எல்லை தாண்டிய கடத்தல் ஆகிவிட்டது. பம்பை நிறுத்தினார்கள். நேரே சுத்திகரிப்பு நிலையம் வரை 46 மைல் மூடிய குழாய் போட்டு, 2012-இல் நாடாளுமன்றத்தில் தனிச் சட்டமே நிறைவேற்றிய பிறகுதான் தீர்வு கிடைத்தது.

#14 மீன்கொத்தி

சுழலி சொன்னது 2009-இன் நிலை. அதற்குப் பிறகு 2017-இல் தலைநகர் வாஷிங்டன் டி.சி.யின் கூட்டரசு மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு தீர்ப்புக் கொடுத்தது. வழக்கு மலைப்பாம்புகளைப் பற்றியது. ஆனால் தீர்ப்பு அந்தச் சட்டப் பிரிவின் வார்த்தைகளையே தொட்டது: தீங்கு உயிரினங்களைத் தடுக்கும் அந்தப் பிரிவு, கண்டப்பகுதியில் உள்ள 49 மாநிலங்களுக்குள் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோவதைத் தடுக்கவில்லை என்று. ஜீப்ரா மட்டி அதே பிரிவில்தான் இருக்கிறது. ஆகவே இன்று நெவாடாவிலிருந்து யூட்டா போகும் படகுக்கு அந்தக் கூட்டரசுப் பிரிவு பெரிய வேலி அல்ல. லேசி சட்டத்தின் இன்னொரு பகுதி உயிரோடு இருக்கிறது: ஒரு மாநிலச் சட்டத்தை மீறி எடுத்த, வைத்திருந்த, விற்ற உயிரினத்தை எல்லை தாண்டிக் கொண்டுபோனால் அது கூட்டரசுக் குற்றம். ஆக அடித்தளம் மாநிலச் சட்டம்தான். மாநிலம் சட்டம் எழுதாவிட்டால் மேலே கட்ட ஒன்றுமில்லை.

மாநிலம் தன் எல்லையில் வணிகத்தை மறிக்கலாமா என்ற கேள்விக்கு விடை 1986-லேயே கிடைத்தது. வெளிமாநிலத்திலிருந்து உயிருள்ள தூண்டில்மீன் வரக்கூடாது என்று மெய்ன் மாநிலம் சட்டம் வைத்திருந்தது. ஒட்டுண்ணியும் அயல்மீனும் உள்ளூர் நீரில் கலந்துவிடும் என்பது காரணம். உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அதை ஏற்றது. பாதிப்பு உண்மையானது, தடுக்க வேறு வழி இல்லை என்று காட்டினால் மாநிலம் மறிக்கலாம். சாவடிகளுக்குப் பின்னால் நிற்கும் பலம் இதுதான்.

தேசியச் சீலுக்கு நான் எதிரி அல்ல. ஆனால் மின்னசோட்டாவின் நோக்கமும் மொன்டானாவின் நோக்கமும் ஒன்றல்ல. மின்னசோட்டாவில் நூற்றுக்கணக்கான நீர்நிலைகளில் ஜீப்ரா மட்டி ஏற்கெனவே இருக்கிறது. அங்கே வேலை ஏரிக்கு ஏரி பரவாமல் காப்பது. அதனால் சாலையில் ஏறும்போது அடைப்பானைத் திறந்தே வைக்க வேண்டும், ஓரிடத்துப் படகுமேடையை வேறு ஏரியில் போடுமுன் 21 நாள் காயவைக்க வேண்டும் என்பன போன்ற விதிகள். மேற்கில் வேலை சுற்றுச்சுவர் கட்டுவது. அதனால் சாவடி, சீல், 30 நாள் கேள்வி. ஒரே சீலை இரண்டு பக்கமும் ஏற்க வேண்டும் என்றால் சுவர் கட்டும் மாநிலம் தன் பாதுகாப்பைக் குறைத்துக்கொள்ள நேரும். செய்முறை ஒன்றாகட்டும், தரவு ஒன்றாகட்டும், இறக்கலாமா கூடாதா என்ற முடிவை அந்தப் படுகையே எடுக்கட்டும்.

#15 துடுப்புக்காரர்

2017 தீர்ப்பு பெரிய திருத்தம், நன்றி. பணம் பற்றியும் ஒரு வார்த்தை: 2014-இன் நீர்வளச் சட்டத்துக்குப் பிறகு கொலம்பியா படுகைச் சாவடிகளுக்குக் கூட்டரசின் இராணுவப் பொறியாளர் படை பாதிச் செலவு தரலாம் என்று ஆனது. மீதிப் பாதியை மாநிலம் போட வேண்டும். 30 டாலர் ஸ்டிக்கருக்கு முணுமுணுப்பவர்கள் இதை நினைத்துக்கொள்ளட்டும்.

#16 நீர்க்கோழி

படகையே பார்த்துக்கொண்டிருக்கிறோம். 2021 தொடக்கத்தில் சியாட்டில் பகுதியில் ஒரு மீன்தொட்டிக் கடையில், தொட்டிக்குப் போடும் பாசி உருண்டைக்குள் உயிருள்ள ஜீப்ரா மட்டி இருந்தது. பிறகு தேடினால் பல மாநிலக் கடைகளில் அதே உருண்டை. சாலையில் எந்தச் சாவடியும் தபாலில் போகும் பாசியைப் பிடிக்காது. பழைய தொட்டி நீரை ஏரியிலோ வாய்க்காலிலோ ஊற்றாதீர்கள். உருண்டையைக் கொதிநீரில் போட்டோ, ஒரு நாள் உறையவைத்தோ, கட்டிக் குப்பையில் போடுங்கள்.

#17 கரைவலை

இந்த இழையைப் படிக்கும் சென்னைப் பக்கத்தவர்களுக்கு ஒன்று. எண்ணூரில் "காக்கா ஆழி" என்று மீனவர்கள் சொல்வதும் இப்படி வந்தேறிய மட்டிதான், தென்னமெரிக்கப் பூர்வீகம். கழிமுகத்தின் தரையைக் கம்பளமாக மூடி, இறால் ஒதுங்கும் இடத்தையும் மஞ்ச மட்டி கிடக்கும் இடத்தையும் பறித்துவிட்டது. பழவேற்காடு வரை போயிருக்கிறது. பழவேற்காடு ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில், தென்பகுதி தமிழ்நாட்டில். மாநில எல்லை ஏரியின் நடுவே ஓடுகிறது. மீன்கொத்தி சொன்ன "படுகைதான் தெரியும்" என்பது அங்கேயும் அப்படியே பொருந்தும்.

#18 வடகரை

எல்லாருக்கும் நன்றி. நான் புரிந்துகொண்ட வரிசை: துறையிலேயே வடித்தல், மீட் ஏரிப் பக்கத்திலேயே முழு வெந்நீர்க் கழுவல், சீலும் சீட்டும், பிறகு புறப்பாடு. அடைப்பான்கள் வழியெல்லாம் திறந்தே. சாவடி திறந்திருந்தால் நிறுத்துவது. சரிதானா? சாவடியில் எவ்வளவு நேரம் ஆகும்?

#19 சுழலி

வரிசை சரி. இரண்டு சேர்க்கை. கழுவல் முடிந்த உடனே புறப்படாமல் முடிந்த அளவு நாள் காயவிடுங்கள். வெந்நீர் எட்டாத இடுக்கை வெயில் பார்த்துக்கொள்ளும். இரண்டாவது, கழுவிய பிறகு டேங்கில் தங்குவது உங்கள் வெந்நீர்தான், ஆனால் சாவடிக்காரருக்கு அது தெரியாது. அவருக்குத் தண்ணீர் என்றால் தண்ணீர். டேங்க் மூடி, இருக்கைக்கு அடியில் உள்ள அறைகள், எஞ்சின் மூடி எல்லாம் அவர் கேட்டதும் திறக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். மேலே பைகளை அடுக்காதீர்கள். கடைசி ஈரத்தைப் பழைய துண்டால் ஒற்றி எடுங்கள், துண்டையும் காயவையுங்கள்.

#20 மீன்கொத்தி

நேரம் படகைப் பொறுத்தது. காய்ந்த, சீட்டு உள்ள படகைச் சீக்கிரம் பார்த்து விட்டுவிடுவார்கள். ஒரே ஒரு மட்டி ஓடு அகப்பட்டாலும், செத்ததாகவே இருந்தாலும், முழுக் கழுவல்தான். நாளே போகலாம், பிறகு காத்திருக்கவும் சொல்வார்கள். எல்லாச் சாவடியும் இரவில் திறந்திருக்கும் என்று சொல்ல முடியாது. இரவு ஓட்டி மாலட், டில்லன் இரண்டையும் மூடியிருக்கும் நேரத்தில் கடந்துவிட்டால், ஏரியில் இறக்குமுன் நீங்களேதான் திறந்த சாவடியைத் தேடிப் போக வேண்டும். டில்லனில் பகலில் போய்ச் சேரும்படி கிளம்புங்கள். அங்கே, கடந்த 30 நாளில் படகு எந்த நீரில் இருந்தது என்று கேட்கும்போது "மீட் ஏரி, மூன்று வாரம் கட்டிக் கிடந்தது" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். பார்க்க வேண்டிய இடத்தை அவர்கள் நேரே பார்ப்பார்கள்.